பகுதி

ஒரு வெறிநாய் சாவதற்குள்
சராசரியாக ஒன்று புள்ளி இரண்டு நாய்களுக்குத்
தன் நோயைக் கொடுத்துவிட்டுப் போகிறது.
அவ்வளவுதான்.
அம்மையைப்போல ஊரையே வாரிக்கொள்வதில்லை.

முதல் வருடம் இதை எழுதிக்காட்டியபோது
கால்நடை மருத்துவர் நியாங்கி கேட்டார்:
"புள்ளி இரண்டு நாய் என்றால்
எந்தப் பக்கம்? வாலா, பல்லா?"
பல் என்றேன்.
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

ஐந்து ஆறாகும். ஆறு, ஏழும் சொச்சமும் ஆகும்.
சத்தமில்லாமல் ஏறுகிற கைமாற்று வட்டி.
காகிதத்தில் பார்த்தால்
ஆறில் ஒரு நாய்க்கு ஊசி போட்டாலே போதும்.
பிறகு ஏன் எழுபது சதவீதம் என்று கத்துகிறீர்கள்
எனக் கேட்கிறார் மாவட்ட அதிகாரி.

ஏனென்றால் ஐயா, நாய்கள் காகிதத்தில் வசிப்பதில்லை.
ஊசி போட்டதைச் சிறுத்தை தூக்கிப்போகிறது,
தாரிமே சாலையில் லாரி அடிக்கிறது,
போடாதது பிறந்துகொண்டே இருக்கிறது.
ஓர் ஊரில் நூறும் பக்கத்து ஊரில் சுழியமும் என்றால்
உங்கள் அறிக்கையில் ஐம்பது.
கடி அறிக்கை படிக்காது.
சுழியத்தைத் தேடிப் போகும்.

கிசெரியா பள்ளிக்கூட வேலமரத்தடியில்
காலையிலிருந்து வரிசை.
கற்றாழைக் கயிற்றில் கட்டிய நாய்,
சைக்கிள் டியூபில் கட்டிய நாய்,
பள்ளிக்கூட டையில் கட்டிய ஒன்று
(தலைமையாசிரியர் வேறு பக்கம் பார்த்தார்).
பெயர் கேட்டு எழுதினேன்.
'தொல்லை' என்ற பெயரில் மட்டும் மூன்று.
ஊசி போட்டதும் நீலப் பட்டை, கழுத்தில்.

பதிவேட்டின் மார்ச் மாதப் பக்கங்களை
நியாங்கி கிளிப் போட்டு இறுக்கி வைத்திருக்கிறார்.
எட்டு வயது, கெண்டைக்காலில் கடி,
மருந்து இருந்த ஊருக்குப் பேருந்து இல்லாத வெள்ளிக்கிழமை.
அந்தக் கிளிப்பை
நான் கவனித்ததில்லை என்பதுபோல
இருவரும் நடந்துகொள்கிறோம்.

நான்கு மணிக்கு அறுபத்து மூன்று.
வீடு வீடாகக் கேட்டு எழுதிய மொத்தம் எண்பத்தெட்டு.
வகுத்தேன். எழுபத்தொன்று புள்ளி ஆறு.
நியாங்கி குளிர்பெட்டியை மூடினார்.

அப்போது ரோபி என்ற சிறுமி
அலுமினியப் பேசினைத் தலையில் சுமந்து வந்தாள்.
உள்ளே ஐந்து குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாக.
"இவற்றை ஏன் கணக்கில் சொல்லவில்லை?"
"நாய் எத்தனை என்றுதானே கேட்டீர்கள்.
இவை குட்டிகள்."

மறுபடி போனோம், எல்லா வீட்டுக்கும்.
சோளக் குதிருக்கு அடியில், விறகுக்குப் பின்னால்,
கவிழ்த்த படகின் நிழலில்
முப்பத்தொன்று.

பின்னத்தின் மேலே தொகுதி அப்படியே நின்றது.
கீழே பகுதி மட்டும்
கண் திறக்காமல் பால் குடித்துக்கொண்டிருந்தது.
ஐம்பத்து மூன்றுக்கும் குறைவு.

மீதமிருந்த மருந்து பதினேழு நாய்க்கு.
பேசினில் இருந்த ஐந்துக்கு முதலில் போட்டோம்.
பட்டையை இரண்டாக வெட்டிக் கட்டினேன்,
அதற்கும் கழுத்து போதவில்லை.
கடைசிக் குப்பி தீர்ந்தபோது அறுபத்தேழு.
எழுபது இல்லை.
நியாங்கி எதுவும் சொல்லாமல் ஊசிகளை எண்ணினார்.

அந்தியில் தெருத்தெருவாக நடந்து
பட்டை உள்ளது, இல்லாதது என்று
குறித்துக்கொண்டே போவது என் வேலை.
கேள்விப்பட்டதை எழுதக்கூடாது,
கண்ணில் படுவதை மட்டும். விதி.
அதை எழுதியதே நான்தான்.

கிணற்றடியில் ஒரு தாய்நாய் படுத்திருந்தது.
காதில் வெள்ளைத் தழும்பு.
காலையில் என் கையைக் கவ்வப் பார்த்த அதே தொல்லை.
முன்னங்கால்களுக்கு நடுவே நீலப் பட்டையை வைத்து
நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

இதற்கு நோய் வராது. எனக்குத் தெரியும்.
பட்டை இல்லாதது என்ற வரிசையில்
ஒரு கோடு போட்டேன்.
அது தலை தூக்கி என்னைப் பார்த்தது,
மெல்லுவதை நிறுத்தாமல்.